சீலிங் மூடுவதற்கு முன் ஏணி போட்டுப் பாருங்கள்

என்னிடம் பிளான் வரைய வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "அக்கா, ஏர்கோன் எத்தனை போடலாம், எங்கே மாட்டலாம்?" என்பதுதான். "கூரைக்கு அடியில என்ன போடப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் "சீலிங்தான்" என்பார்கள். சீலிங் பலகை கூரையின் அடிப்பக்கத்தை மறைக்கும், பல்லி எச்சம் சோற்றில் விழாமல் பார்த்துக்கொள்ளும். வெயிலைத் தடுக்கும் வேலை அதனுடையது இல்லை.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில், இருபத்து நான்கு வருடங்களாகப் பதிவு பெற்ற கட்டட வரைவாளராக இருக்கிறேன். எங்களுக்கெல்லாம் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். நாலு பக்கமும் செம்பனை, நடுவே பழைய ஈயக் குட்டைகள், மூன்று மணி வெயிலில் பட்டணமே அடங்கிக் கிடக்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து லயத்தில் பிறந்து, தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறவர்கள். மற்றவர்கள் கோயில் கமிட்டி, பாலர் பள்ளி நடத்துகிறவர்கள், கடைக்காரர்கள். சேமநிதிப் பணத்தை எடுத்துத்தான் பலர் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் போடும் கூரை இருபது முப்பது வருடம் தலைக்கு மேல் இருக்கப் போகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலாங்கூரில் கூரைக்கென்று ஒரு வெப்ப விதி இருக்கிறது. 2012-இல் வந்தது. பெரிய கட்டடங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரையைப் பொறுத்தவரை அது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும். வீடும் சேர்த்தி, கோயில் மண்டபமும் சேர்த்தி.

விதி எங்கிருந்து வருகிறது

நம் நாட்டில் ஊராட்சியும் நிலமும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133-ஆம் சட்டம், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் கீழ் கட்டடத்துக்கான துணைச் சட்டங்களைப் போடும் அதிகாரம் மாநில அரசுக்கு. அப்படி வந்ததுதான் 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டம். எங்கள் தொழிலில் யூ.பி.பி.எல். என்போம், ஊராட்சி மன்றத்து முகப்பில் மலாயில் யூ.கே.பி.எஸ். என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பெயரில் 'ஒருசீர்' இருந்தாலும் ஒரு திருத்தம் வரும்போது நாடு முழுக்க ஒரே நாளில் அமலுக்கு வராது. ஊராட்சிக்கான தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் அதில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் அரசிதழில் வெளியிட வேண்டும். வெளியிட்ட மாநிலத்தில்தான் அது சட்டம். சிலாங்கூர் 2012-இல் 38ஏ என்ற புதுப் பத்தியை அப்படிச் சேர்த்தது. சபாவும் சரவாக்கும் தங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

ஆகவே வேறு மாநிலத்தில் கட்டுகிறவர்கள், மன்றத்தின் கட்டடப் பிரிவு முகப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்: "யூ.கே.பி.எஸ். 38ஏ சுடா டிவார்த்தாகான் டி நெகெரி இனி?" (இந்த மாநிலத்தில் 38ஏ அரசிதழில் வந்துவிட்டதா?) ஆமாம் என்றால் அடுத்தது: "நிலாய் யூ பும்போங் பெராப்பா?" (கூரையின் யூ மதிப்பு, அதாவது வெப்பத்தை உள்ளே விடும் அளவு, எத்தனை?) முகப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் கோபப்பட வேண்டாம். பிளானைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பிளானோடு சேர்த்து வையுங்கள்.

38ஏ சொல்வது இரண்டு விஷயம். வீடல்லாத கட்டடத்தில் ஏர்கோன் போட்ட பரப்பு 4,000 சதுர மீட்டரைத் தாண்டினால், எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலைப்படி சுவரின் வெப்பக் கணக்கும் கூரையின் வெப்பக் கணக்கும் தேற வேண்டும், மின்சக்தி நிர்வாக ஏற்பாடு ஒன்றும் இருக்க வேண்டும். 4,000 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 43,000 சதுர அடி. நம் ஊர்ப் பக்கம் அந்த அளவில் யாரும் என்னிடம் பிளான் கேட்டு வந்ததில்லை.

இரண்டாவதுதான் நமக்கானது. வீடோ கடையோ, எந்தக் கட்டடத்தின் கூரையும் குறிப்பிட்ட யூ மதிப்பைத் தாண்டக் கூடாது. சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைவான லேசான கூரைக்கு 0.4. அதற்கு மேல் கனமான கூரைக்கு 0.6. வேறு வகையில் கூரையைப் பாதுகாத்தோ குளிர்வித்தோ இருந்தால் விலக்கு உண்டு. தகரக் கூரை லேசு வகை, கான்கிரீட் தளம் கன வகை.

பத்திரிகையில் படித்துவிட்டு, 2025 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த மின்சக்திச் சிக்கனச் சட்டத்தைப் பற்றிச் சிலர் பதறிக்கொண்டு கேட்கிறார்கள். அது 8,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்களையும், ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அளவுக்குச் சக்தியைப் பயன்படுத்தும் பெரிய பயனீட்டாளர்களையும் பிடிப்பது. உங்கள் வீட்டுக்கு வராது.

0.4 என்றால் என்ன

கூரைக்கு மேலும் வீட்டுக்குள்ளும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதே யூ மதிப்பு. எண் சிறுத்தால் நல்லது. கணக்குப் போட அதைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். ஒன்றை 0.4-ஆல் வகுத்தால் 2.5. உங்கள் கூரையின் எல்லா அடுக்கும் சேர்ந்து கொடுக்க வேண்டிய தடுப்பு அவ்வளவு.

தகரத்தின் தடுப்பு பூஜ்யம் என்றே வையுங்கள். மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்று, தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள வெளி, சீலிங் பலகை எல்லாம் சேர்த்து நான் 0.4 என்று குறைத்தே வைப்பேன். வேறு ஒன்றும் போடாவிட்டால் யூ மதிப்பு 2.5, அதாவது விதி அனுமதிப்பதைப் போல ஆறு மடங்கு.

இப்போது வெப்பத்தைத் தடுக்கக் கூரைக்கு அடியில் போடும் பஞ்சு. கல் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு எதுவானாலும் அதன் வெப்பக் கடத்தல் 0.035 பக்கத்தில் இருக்கும். பையிலேயே அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் பஞ்சு என்றால் 0.050-ஐ 0.035-ஆல் வகுக்க வேண்டும். 1.43. அதோடு 0.4 சேர்த்தால் 1.83, யூ மதிப்பு 0.55. தேறாது. 75 மில்லிமீட்டர் என்றால் 2.14, அதோடு 0.4 சேர்த்து 2.54. யூ மதிப்பு 0.39. தேறிவிட்டது. 50-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரல் அகலம்தான், ஆனால் விதி அந்த அகலத்தில்தான் நிற்கிறது.

இது வீட்டில் எப்படித் தெரியும்? 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 93 சதுர மீட்டர் கூரை. மத்தியானம் தகரம் 60 டிகிரி, உள்ளே 30 என்று வையுங்கள். ஒன்றும் போடாத கூரை வழியாக 93 பெருக்கல் 30 பெருக்கல் 2.5, கிட்டத்தட்ட 7,000 வாட் இறங்குகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியே தள்ளுவது 2,600 வாட் அளவு. கூரையிலிருந்து வருவதைச் சமாளிக்கவே மூன்று ஏர்கோன் வேண்டும். 0.4 கூரையில் இறங்குவது 1,100 வாட் சொச்சம், அரை ஏர்கோன் வேலை. இந்தக் கணக்கை நான் மேசையிலேயே தாளில் போட்டுக் காட்டுவேன். கைப்பேசியில் நீங்களே தட்டிப் பாருங்கள்.

வெள்ளித் தாள்

எங்கள் பக்கம் கொன்ட்ரேக்டர்கள் எல்லாரும் சொல்லும் மருந்து இது: "சில்வர் தாள் போட்டுடறேன், குளுகுளுன்னு இருக்கும்." அலுமினியத் தாள் நல்ல பொருள். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இருக்க வேண்டும். குறைந்தது ஒரு அங்குலம். தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் வெப்பம் தொட்டே இறங்கிவிடும், தாள் போட்டும் போடாததுபோல்தான். பளபளப்பு கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் தூசி படிந்து மங்கிவிடும்.

சரியான அடுக்கு இப்படி வரும். கூரைச் சட்டத்தின் மேல் கோழிக்கம்பி வலையை இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் தாள், பளபளப்பு கீழே. தாளின்மேல் பஞ்சு. பஞ்சின்மேல் தகரம். தாளுக்குக் கீழே சீலிங் வரைக்கும் வெற்றுவெளி, அதுதான் தாளுக்கு வேண்டிய காற்று. இப்படிப் போட்டால் 50 மில்லிமீட்டர் பஞ்சே பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் கூரைச் சட்டத்துக்கு மேல் வரும் இடங்களில் தகரம் பஞ்சை நசுக்கும், நசுங்கிய பஞ்சு பாதிப் பஞ்சு. அதனால் என் பிளானில் தாள் இருந்தாலும் 75 என்றே எழுதுகிறேன்.

பழைய வீட்டில் கூரையைக் கழற்றாமல் செய்ய வேண்டுமானால், பஞ்சைச் சீலிங்குக்கு மேலே படுக்க வைக்கலாம். மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் மேலே ஏறக் கூடாது. பழைய வயரில் தோல் உரிந்திருந்தால் முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அலுமினியத் தாளில் மின்சாரம் பாயும், ஆணி அடிக்கும்போது வயரில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சீலிங்கில் புதைத்த விளக்குகளின் முதுகைப் பஞ்சால் மூடாதீர்கள், சூடு போக வழி வேண்டும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பின்பக்கம் சமையலறையும் ஒரு படுக்கையறையும் இழுத்துக் கட்டினாள். பிளான் நான்தான் வரைந்தேன். வெட்டுப் படத்தில் தாள், 75 பஞ்சு எல்லாம் எழுதியிருந்தேன். கூரை போடுகிற வாரம் அம்மா மருத்துவமனையில் இருந்ததால் வேலையிடத்துக்குப் போக முடியவில்லை. போனபோது சீலிங் அடித்து, சாயமும் பூசியாகிவிட்டது. "எல்லாம் பிளான்படிதான் அக்கா, இனி எதுக்குப் பார்க்கணும்?" என்றார் கொன்ட்ரேக்டர். நானும் விட்டுவிட்டேன்.

குடிபோன மூன்றாவது வாரம் அக்கா மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். "படுக்கையில படுத்தா மேலருந்து அடுப்பு மாதிரி அடிக்குதடி." நான் போய் ஏணி போட்டு, சீலிங்கில் இருந்த சின்னக் கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டேன். முகத்தில் அறைந்த காற்றை இன்றைக்கும் மறக்கவில்லை. கைவிளக்கு அடித்தால் ஒரு கைப்பிடிப் பஞ்சு கூட இல்லை. தாள் மட்டும், அதுவும் தகரத்தோடு ஒட்டி, ரெண்டு இடத்தில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெப்பமானியைச் சீலிங் பக்கம் காட்டினேன், 42. முன்னறையில், பழைய கூரையின் கீழ், 36. சாயம் பூசிய சீலிங்கைப் பிரித்து, பஞ்சு வாங்கிப் போட்டு, மறுபடி மூடினோம். பிறகு ஒரு மத்தியானம் அளந்தால் 33. அக்கா இரண்டு தடவை பணம் கட்டினாள். நான் ஒரு தடவை ஏணி ஏறியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து சீலிங் மூடும் தேதியை எனக்குச் சொல்லாத வேலையை நான் எடுப்பதில்லை.

பின்பக்கம் இழுக்கும்போது நடு அறை செத்துவிடும்

தாமான் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. பின்னால் இருக்கும் வெற்றிடம் முழுவதையும் மூடிச் சமையலறை கட்டிவிடுவார்கள். முன்பு வெளியே பார்த்த நடு அறை ஜன்னல் இப்போது சமையலறைக்குள் திறக்கும். தாளிப்புப் புகை அறைக்குள், அறையின் புழுக்கம் அறைக்குள்ளேயே. உடனே ஏர்கோன்.

துணைச் சட்டத்தின் 39-ஆம் பத்தி இதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறது. குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னல், தடையில்லாமல் காற்றுப் போகும் திறப்பு குறைந்தது 5 விழுக்காடு. 12 அடிக்கு 10 அடி அறை என்றால் 120 சதுர அடி. ஜன்னல் 12 சதுர அடி, திறப்பு 6 சதுர அடி. நழுவு ஜன்னல் வைத்தால் பாதிதான் திறக்கும் என்பதை மறக்காதீர்கள். பக்கவாட்டில் திறக்கும் ஜன்னல் முழுவதும் திறக்கும், பழைய பட்டைக் கண்ணாடி ஜன்னலும் நல்லதுதான். அழகாக இல்லை என்று அதைக் கழற்றிப் போட்டவர்கள் பிறகு வருந்தியதைக் கேட்டிருக்கிறேன்.

வெளியே ஜன்னல் வைக்க வழியே இல்லாத அறைக்குக் காற்றுக் கிணறு விட வேண்டும். இரண்டு மாடி வரை அதற்கு 7 சதுர மீட்டர், அகலம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன வீட்டில் அது பெரிய இடம், கட்டுகிறவர்களுக்கு மனசு வராது. மனசு வராவிட்டால் பின்பக்கத்தை முழுக்க மூடாதீர்கள். ஒரு ஓரத்தை விட்டுக் கட்டுங்கள். நான் வளர்ந்த லயத்து வீட்டில் சுவர் உச்சியில், கூரைக்கு அடியில், ஒரு சாண் உயரத்துக்கு மரச் சட்டம் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருக்கும். தகரம் காய்ந்தாலும் சூடு அந்த வழியாகப் போய்விடும். இப்போது கட்டும் வீட்டில் சுவர் உச்சிவரை அடைத்துவிடுகிறோம். நாலு ஓட்டைக் கல்லாவது வையுங்கள், கொசுவலை அடித்து.

கண்ணாடி முகப்பு கேட்ட கமிட்டி

ஒரு கோயில் கமிட்டி மண்டபம் கட்ட வந்தது. கோயில் கிழக்குப் பார்த்தது, மண்டபமும் கிழக்குப் பார்க்க வேண்டும். முகப்பில் பெரிய கண்ணாடி, உள்ளே ஏர்கோன். கோலாலம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருந்தார்கள். சுவர் விதி 4,000 சதுர மீட்டருக்குக் கீழ் கட்டாயமில்லை. ஆனாலும் எம்.எஸ். 1525-இன் கணக்கை அவர்கள் முன் போட்டுக் காட்டினேன். சுவர் வழியாக வரும் வெப்பத்தை மூன்றாகப் பிரித்துக் கூட்டும் சூத்திரம் அது: சுவரின் வெப்பம், கண்ணாடி கடத்தும் வெப்பம், கண்ணாடி வழியாக நேரே நுழையும் வெயில். மொத்தம் சதுர மீட்டருக்கு 50 வாட்டைத் தாண்டக் கூடாது. உண்மையில் கட்டடம் முழுவதற்கும் சராசரி எடுக்க வேண்டும். நான் முகப்புச் சுவருக்கு மட்டும் போட்டேன்.

சுவரில் 40 விழுக்காடு சாதாரணக் கண்ணாடி. சுவர் வெப்பம் 15 பெருக்கல் சாயத்தின் உறிஞ்சல் 0.7 பெருக்கல் சுவர்ப் பங்கு 0.6 பெருக்கல் செங்கல் சுவரின் யூ மதிப்பு 2.6. விடை 16. கண்ணாடி கடத்துவது 6 பெருக்கல் 0.4 பெருக்கல் 5.7, விடை 14. நேர் வெயில் 194 பெருக்கல் திசை எண் 1.23 பெருக்கல் 0.4 பெருக்கல் கண்ணாடியின் நிழல் எண் (வெயிலில் எவ்வளவை உள்ளே விடுகிறது என்பது) 0.9. விடை 86. மூன்றும் சேர்த்து 116. அதில் முக்கால்வாசி வெயில்.

திசை எண்ணைப் பார்த்துத் தலைவர் அண்ணன் ஆச்சரியப்பட்டார். கிழக்குக்கு 1.23, மேற்குக்கு 0.94, வடக்குக்கு 0.90, தெற்குக்கு 0.92. மேற்கு வெயில்தான் கொடுமை என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடும், மழை வரும். காலையில் வானம் தெளிவாக இருக்கும். அதனால் ஒரு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் கிழக்குக்குத்தான் அதிகம். மேற்குச் சுவர் நமக்குக் கொடுமையாகத் தெரிவதற்குக் காரணம், அந்த நேரத்தில் நாம் ஏற்கெனவே சூட்டில் இருக்கிறோம், செங்கல்லும் இரவு எட்டு மணி வரை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்தோம். கண்ணாடியைப் பாதியாக்கினால் 72. முன்னால் ஆழமான தாழ்வாரம் இழுத்து வெயிலில் பாதியை மறைத்தால் 50, விளிம்பில் நிற்கிறது. அடர் காவி நிறத்துக்குப் பதில் வெள்ளைக்குப் பக்கமான சாயம் பூசி உறிஞ்சலை 0.3 ஆக்கினால் 38. தாழ்வாரத்தைப் பார்த்ததும் கமிட்டியில் ஒரு பெரியவர், "அன்னதானத்துக்கு வரிசையில நிக்கறவங்களுக்கு நிழலாச்சே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நிழலுக்காகக் கட்டியதில் இன்று செருப்பு ரேக்கும் குடிநீர்த் தொட்டியும் நிற்கின்றன.

வீட்டுக்கு இந்தக் கணக்குப் போட வேண்டாம். வீடுகளுக்கென்று எம்.எஸ். 2680 என்ற வழிகாட்டித் தரநிலை 2017-இல் வந்தது. சட்டம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரநிலை கட்டாயம், இல்லாவிட்டால் விருப்பம். பெரிய கண்ணாடியைக் கிழக்கிலும் மேற்கிலும் வைக்காதீர்கள், வைத்தால் மேலே நீட்டு போடுங்கள். இவ்வளவு போதும்.

ஏர்கோன் வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் வேண்டும்தான். கூரையை முடித்துவிட்டு வாங்குங்கள், அப்போது சின்ன அளவே போதும். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லையில் ஐந்து நட்சத்திரமா என்று பார்ப்பதோடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து வந்த புதிய மின்கட்டண அமைப்பில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு.

வேலையிடத்தில்

133-ஆம் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி, மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. எனவே பிளான் எப்படியும் போகும். அதன் வெட்டுப் படத்தைத் திறந்து வைத்து, கூரை அடுக்கு ஒவ்வொன்றும் தடிமனோடு எழுதியிருக்கிறதா பாருங்கள். "வெப்பத் தடுப்பு தரப்படி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். "75 மி.மீ. பஞ்சு, கோழிவலை மேல் அலுமினியத் தாள், பளபளப்பு கீழ் நோக்கி, யூ மதிப்பு 0.4-க்கு மேல் போகாது" என்று இருக்க வேண்டும். கொன்ட்ரேக்டரின் விலைப் பட்டியலிலும் பஞ்சு தனி வரியாக வரட்டும். கூரை வேலை மொத்தம் இவ்வளவு வெள்ளி என்று ஒரே வரியில் போட்டால், பஞ்சு வராமல் போனது யாருக்கும் தெரியாது.

புதுக் கட்டடமாக இருந்தால் முடிவில் சி.சி.சி. சான்றிதழ், அதாவது கட்டி முடிந்தது, குடிபுகலாம் என்ற சான்றிதழ், உண்டு. 2007 முதல் அதைக் கொடுப்பது பிளானைச் சமர்ப்பித்த நிபுணர்தான். ஜி1 முதல் ஜி21 வரையிலான படிவங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். சீலிங்குக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் அந்தக் கையெழுத்துக்கு முன்னால்.

பஞ்சு வந்து இறங்கும் நாளில் பைகளை எண்ணுங்கள். ஒரு பை எத்தனை சதுர மீட்டர் என்று பையிலேயே இருக்கும், கூரைப் பரப்பை அதனால் வகுத்துப் பாருங்கள். மழையில் நனைந்த பையைத் திருப்பி அனுப்புங்கள். போடும்போது ஒரு இடத்தில் அளவு நாடாவைச் செருகி, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஓரத்திலும் மூலையிலும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், சோம்பல் எப்போதும் மூலையில்தான் ஒளிந்திருக்கும். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் பத்து வயதுப் பேரனிடம் கைப்பேசியைக் கொடுத்தாவது கீழே நின்றபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தை அன்றே பிளான் வரைந்தவருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அவர் சரி என்று பதில் போட்ட பிறகு சீலிங் மூடட்டும்.

மூடும்போது இரண்டடிக்கு இரண்டடி ஒரு கதவு விடச் சொல்லுங்கள். நடைவழிக்கு மேலே விட்டால் நல்லது. குளியலறைக்கு மேலே வேண்டாம், ஈரம் ஏறும். படுக்கைக்கு மேலேயும் வேண்டாம், ஏணி வைக்க இடம் இருக்காது. கூரை ஒழுகினாலும் எலி வந்தாலும் ஏறிப் பார்க்க அது வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கைவிளக்கோடு ஏறி, பஞ்சு நனைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, ஒழுகலை அடைத்து, புதுத் துண்டு வையுங்கள். அதற்காக ஒரு பையை மீதம் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.